மறதி மகாராணி

“மூளையும் சைக்கிள் மாதிரிதான்டா. ஓட்டாம நிறுத்தி வெச்சா...”

அதற்குமேல் அப்பா என்ன சொல்வார்? துருப்பிடிச்சுடும் என்பாரா, செயின் கழன்றுடும் என்பாரா? படியேறும்போது யோசித்துப் பார்த்தான் மகன். வரவில்லை. வெளிநாட்டில் பாதி வயதைக் கழித்துவிட்டுத் திரும்பியவனுக்கு அப்பாவின் பேச்சிலும் பாதிதான் மிச்சம்.

உள்ளே அம்மா கட்டிலுக்கு அடியில் குனிந்து துழாவிக்கொண்டிருந்தாள். அப்பா நாற்காலியில் கால்மேல் கால் போட்டு அதை ரசித்துக்கொண்டிருந்தார்.

“என்னம்மா தேடுறே?”

“கண்ணாடிடா. உங்கப்பா எங்கேயோ ஒளிச்சு வெச்சிருக்கார்.”

“தேடு, தேடு, மறதி மகாராணி!” அப்பாவுக்கு ஒரே சிரிப்பு.

அம்மா முழங்காலைப் பிடித்துக்கொண்டு மெல்ல எழுந்தாள். மகனுக்குச் சுருக்கென்றது.

“போன வாரம் பீரோ சாவி, இந்த வாரம் கண்ணாடியா? அவங்க முட்டி வலி உங்களுக்கு விளையாட்டாப் போச்சாப்பா?”

“விளையாட்டில்லடா, வைத்தியம். அவளுக்கு மறதி ஆரம்பிச்சிருக்குன்னு டாக்டர் சொல்லிட்டார். தனியாப் போய்க் கேட்டுட்டு வந்து, பாவம், அவளே சொன்னா. தினம் ஒரு பொருளை ஒளிச்சு வெச்சுத் தேடணும். தினம் ஒரு புதுத் தெரு வழியா நடக்கணும். கடைக்குச் சீட்டு எழுதாமப் போகணும். இடது கையால தலை வாரணும். துணைக்கு நானும் எல்லாம் செய்யறேன். இல்லேன்னா டிமிக்கி கொடுத்துடுவா.”

அப்போதுதான் கவனித்தான். அப்பாவின் வகிடு கோணலாக இருந்தது.

“எனக்கென்ன குறை? காலமெல்லாம் தபால் கொடுத்தவன். விலாசமே இல்லாத கடிதாசியையும் கையெழுத்தைப் பார்த்தே கொண்டு சேர்த்தவனாக்கும்!”

“ஆமாங்க, மறதி எனக்குத்தான்” என்றாள் அம்மா.

மகன் பரணிலிருந்து பையை இறக்கினான். “போதும். அம்மா கொஞ்ச நாள் என் வீட்ல இருக்கட்டும். இன்னிக்கே கூட்டிட்டுப் போறேன்.”

அப்பாவின் சிரிப்பு நின்றுவிட்டது. “அங்க யாரு ஒளிச்சு வைப்பா?” என்று முணுமுணுத்தபடி குளிக்கப் போனார்.

போன் அடித்தது. மருந்துக்கடைக்காரர். அப்பாவின் மாத்திரைப் பெயரைப் படித்துச் சொல்லச் சொன்னார்.

அம்மா நேராகக் கதவோரம் தொங்கிய குடையிடம் போனாள். மடிப்புக்குள் கைவிட்டுக் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு மாத்திரை அட்டையைப் படித்தாள். கழற்றி, அதே மடிப்பில் செருகினாள். குடையின் பிடியை முன்பிருந்தபடியே சுவர்ப் பக்கம் திருப்பி மாட்டினாள்.

மகன் குடையையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தான்.

“உனக்கு முன்னாடியே தெரியுமா?”

“குடையைப் பிரிக்கிற சத்தம் அடுப்படி வரைக்கும் கேட்டுச்சே.”

“அப்புறம் ஏம்மா இவ்வளவு நேரம்...”

“உஷ்!”

குளியலறைக் கதவு திறந்தது. அம்மா மேஜைக்கு அடியில் குனிந்துவிட்டாள்.

“என்னங்க, தோத்துட்டேன். நீங்களே எடுத்துக் கொடுத்துடுங்க.”

“அவ்வளவுதானா உன் வீரம்?” என்று அப்பா அலமாரிப் பக்கம் போனார். நின்றார். கட்டிலைப் பார்த்தார். நீட்டிய கை அந்தரத்தில் நின்றது. முகத்தில் சிரிப்பு மட்டும், யாரோ மறந்து வைத்துவிட்டுப் போனதுபோல் அப்படியே இருந்தது.

மகன் சொல்ல வாயெடுத்தான். அம்மா அவன் கையை அழுத்தினாள். அவள் கண் ஒரு தடவைகூடக் குடைப் பக்கம் போகவில்லை. அவசரமே இல்லாமல் காத்திருந்தாள். நெடுநேரம் கழித்து, ஜன்னலைப் பார்த்துத் தனக்குத்தானே பேசிக்கொள்கிற மாதிரி கேட்டாள்:

“மழை வருமோ?”

“குடை! குடைக்குள்ள!” அப்பா குழந்தை மாதிரி துள்ளினார்.

“அடேயப்பா! எனக்கு ஏழு ஜென்மத்துக்கும் தோணியிருக்காது.”

“அதுக்குத்தான் சொல்றது. மூளையும் சைக்கிள் மாதிரிதான். ஓட்டாம நிறுத்தி வெச்சா காத்து இறங்கிடும்!” அப்பா கண்ணாடியைத் துடைக்கத் துணி தேடி உள்ளே போனார்.

அம்மா குரலைத் தாழ்த்தினாள்.

“டாக்டர் மறதின்னு சொன்னது என்னை இல்லடா. அவர்கிட்டச் சொன்னா அன்னிக்கே படுத்துடுவார். தேடுறதுல என்ன இருக்கு? ஒளிச்சு வெச்சவர்தானே ஞாபகம் வெச்சுக்கணும்.”

மகன் பையைத் திரும்பப் பரணில் ஏற்றினான். அப்பா வந்ததும், தன் கார் சாவியை எடுத்து அவர் கையில் வைத்தான்.

“இன்னிக்கு இதை ஒளிச்சு வைங்கப்பா. காலையில அம்மா தேடட்டும்.”