ஆறாம் விரல்

எந்த ஸ்வரத்தை எந்த விரலால் வாசிப்பது என்று பியானோ நோட்டுகளில் ஒன்று முதல் ஐந்து வரை எண் போட்டிருக்கும். ஆர்ஃபா டில்மன் என்பவள் இயற்றிய சொனாட்டா என்ற பியானோ இசைப் படைப்பில், கடைசிப் பக்கத்து வலது கைக்கு ஆறு வரை போட்டிருந்தது.

"அச்சுப்பிழைதான் நடீன்," என்றார், அவள் பியானோ வாசிக்கும்போது பக்கம் புரட்டும் வால்ட்.

"கையால எழுதினதுல ஏதுப்பா அச்சுப்பிழை?"

டுலூத் நகர நூலகப் பெட்டியில் எண்பது வருடம் கிடந்த நோட்டு அது. 'மனிதக் கையால் வாசிக்க முடியாது' என்று பதிப்பாளர் அதைத் திருப்பி அனுப்பியபோது எழுதிய கடிதமும் உள்ளேயே இருந்தது. அதன் அடியில் ஆர்ஃபா, சாவதற்கு முன் எப்போதோ, 'பார்க்கலாம்' என்று பென்சிலால் எழுதியிருந்தாள்.

பேர் தெரியாத அமெரிக்கர்களின் இசையைத் தேடித்தேடி வாசிப்பவள் நடீன். பனிக்காலம் முழுக்க முட்டி மோதியும் ஆறாம் எண் போட்ட அந்த உச்சி ஸ்வரம் மட்டும் மற்ற ஐந்தோடு சேர்த்து எட்டவில்லை. அதை விட்டுவிட்டே பழகினாள்.

ஏப்ரலில் ஒரு ஞாயிறு மதியம், தேவாலயக் கூடத்தில் கச்சேரி. கடைசிப் பக்கத்தில் ஆறு ஸ்வரங்களும் ஒன்றாக முழங்கின. கூடமே எழுந்து நின்று கைதட்டியது.

"எப்படி எட்டுச்சு?" என்றார் வால்ட்.

"எனக்கு எங்க எட்டுச்சு? அங்க பாரு."

நடீனின் கைகள் மடியில் இருந்தன. பியானோவில் அவள் அழுத்திய ஐந்து கட்டைகள் எழும்பிவிட்டன. ஆறாவது இன்னும் அழுந்தியே இருந்தது.

இசையமைத்தவர் அரங்கில் இருந்தால், வாசித்தவர் கை நீட்டி அவரைச் சபைக்குக் காட்டுவது வழக்கம். நடீன் எழுந்து பியானோவை நோக்கிக் கை நீட்டினாள். கைதட்டல் இரண்டு மடங்கானது.

அது முழுதாக ஓய்ந்த பிறகே அந்தக் கட்டை மெல்ல எழும்பியது.