சத்தத்துக்கு ஒரு மூடி

மெக்கானிக் ஸ்ரீஜித் விங் நட்டைக் கடைசியாக ஒரு திருகு திருகிவிட்டுக் கையைப் பனியனில் துடைத்தான்.

"அண்ணாச்சி, இதோட அந்த சவுண்டு போயிடும், கேட்டோ," என்றான் மலையாளம் கலந்த தமிழில்.

"போகட்டும்டே," என்றார் கோமதிநாயகம். "அதுக்குத்தானே இவ்வளவு பாடு."

ஏர் கிளீனர் என்று பெயர்தான். பார்த்தால் அஞ்சறைப்பெட்டி. சாலைக் கடைத்தெருவில் கிடைத்ததிலேயே பெரிய எவர்சில்வர் அஞ்சறைப்பெட்டியை வாங்கி, அடியில் கார்புரேட்டருக்கு ஒரு ஓட்டையும் சுற்றிலும் காற்றுக்குத் துளைகளும் போட்டு, உள்ளே ஒரு லாரி ஃபில்டரை வெட்டி உட்கார்த்தியிருந்தான்.

கடையில் விற்கிற எதுவும் இந்த வண்டிக்குப் பொருந்தாது. கோமதிநாயகத்தைவிட மூத்த அமெரிக்க பிக்கப். ஆறு சிலிண்டரும் ஒரே வரிசையில் நிற்கும். பொன்முடியில் ஏதோ எஸ்டேட்டில் தேயிலை சுமந்து ஓய்ந்து, கடைசியில் ஏலத்துக்கு வந்தது.

ஏலத்தில் எடுத்தவன் ஹரிகுமார், அவருடைய ஒரே மகன். வண்டியோடு வந்த பழைய ஏர் கிளீனரைக் கழற்றிப் பழைய இரும்புக்காரனுக்குப் போட்டவனும் அவன்தான். கூட நின்று கழற்றிக் கொடுத்தவன் இதே ஸ்ரீஜித். திறந்த வாயால் எஞ்சின் மூச்சிழுக்கிற அந்த முழக்கம் ஹரிக்கு அவ்வளவு பிடிக்கும். தூசி ஏறி எஞ்சின் கெட்டுப்போகும் என்று அப்பா கத்தினார். சத்தத்துக்காகத்தானே வண்டியே வாங்கினேன் என்று சிரித்தான் பிள்ளை.

போன மழைக்காலத்தில் எலிக்காய்ச்சல் அவனைக் கொண்டுபோய்விட்டது. கல்யாணத்துக்குப் பெண் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

வண்டியை விற்க மனம் வரவில்லை. சும்மா நிறுத்தினால் துருவேறிப் போகும். அதனால் கோமதிநாயகம் சாலைக் கடைத்தெருவிலிருந்த தம் மளிகைக் கடைக்கு அதிலேயே போய்வரத் தொடங்கினார். அங்கேதான் வந்தது வினை.

சாயங்காலம் வண்டி ஸ்ரீவராகம் தெருமுக்கில் திரும்பும்போதே சத்தம் முந்திக்கொண்டு வீட்டுக்குப் போய்விடும். அவர் மனைவி முத்தாரம்மாள் கைவேலையைப் போட்டது போட்டபடி ஓடிவந்து கேட்டின் இரண்டு கதவையும் விரியத் திறப்பாள். முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம் இருக்கும். கணவர் இறங்குவார். அந்த முகம் அப்படியே விழும். திரும்பி உள்ளே போய்விடுவாள்.

ஒருநாள் என்றால் பொறுக்கலாம். பெற்றவளைத் தினமும் ஏமாற்றுகிற பாவத்தை யார் சுமப்பது? அவளுக்குப் புத்தி தடுமாறிவிட்டதோ என்று பயந்து, கிழக்கேகோட்டையில் ஒரு டாக்டரிடம் தனியாகப் போய்க் கேட்டார். மகனை நினைவுபடுத்துகிற விஷயங்களைக் கொஞ்சம் குறைத்துப் பாருங்கள் என்றார் டாக்டர். ஹரியின் படத்தைச் சுவரிலிருந்து கழற்ற முடியாது. சத்தத்துக்கு ஒரு மூடி போடலாம் அல்லவா?

நல்லதைத்தான் நினைத்தார் மனுஷர்.

சாவியைத் திருப்பினார். தையல் மிஷின் ஓடுகிற மாதிரி ஓடியது எஞ்சின். ஸ்ரீஜித் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றான்.

தெருமுக்கில் திரும்பியபோதே எட்டிப் பார்த்தார். கேட் மூடியே இருந்தது. யாரும் ஓடிவரவில்லை. அப்பாடா என்றிருந்தது. அவரே இறங்கித் திறந்து வண்டியை உள்ளே விட்டார்.

முத்தாரம்மாள் டிவியின் சத்தத்தை முழுக்கக் குறைத்துவைத்து, பொம்மைகள் வாயசைப்பதைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். அவரைக் கண்டதும் திடுக்கிட்டாள்.

"வண்டி என்னாச்சு? நடந்தா வந்திய?"

"வண்டியிலதான் வந்தேன். ஏர் கிளீனர் போட்டாச்சு. இனி உனக்கு அந்த ஏமாத்தம் இல்ல."

அவள் டிவியை அணைத்தாள்.

"என்ன ஏமாத்தம்? அவன் இல்லன்னு எனக்குத் தெரியாதா? அவனுக்கு வாய்க்கரிசி போட்டவ நான்தானே. தெருமுக்குலேர்ந்து கேட்டு வரைக்கும் அவன் வாறான்னு வச்சுக்கிடுவேன். அம்புட்டு நேரம்தான் எனக்கு மகன் உண்டு. அதையும் மூடிட்டியளே. வாயால சொல்லியாச்சு, இனி அப்படி வச்சுக்கிடவும் முடியாது."

கோபமாகச் சொல்லவில்லை. அழவும் இல்லை. எழுந்து அடுக்களைக்குப் போனாள்.

கோமதிநாயகம் முற்றத்துக்கு ஓடினார். பானட்டைத் தூக்கி, சூடு கையைச் சுட்டதையும் பாராமல், விங் நட்டைத் திருகி அஞ்சறைப்பெட்டியைப் பிடுங்கி எறிந்தார். வண்டியைப் பின்னால் எடுத்துத் தெருமுக்குவரை போய்த் திரும்பினார்.

எஞ்சின் பழையபடி முழங்கியது. தெருவே அதிர்ந்தது. இத்தனை நாள் ஓட்டியும் அவருக்கு அன்றுதான் ஹரி வருகிறான் என்று தோன்றியது. கண்ணை மறைத்த நீரோடு வண்டியை மெதுவாக, எவ்வளவு மெதுவாக முடியுமோ அவ்வளவு மெதுவாக, வீட்டு வாசலுக்குக் கொண்டுவந்து நிறுத்தினார். எஞ்சினை அணைக்காமல், ஆக்ஸிலரேட்டரை மிதித்து மிதித்துக் காத்திருந்தார்.

யாரும் ஓடிவரவில்லை. உள்ளே மிக்ஸி ஓடிக்கொண்டிருந்தது. ஜாரில் ஒன்றும் இல்லாமல் ஓடுகிற சத்தம் அது.