முழங்கால் எண்ணெய்

பழைய டிரான்ஸ்ஃபார்மர் எண்ணெய் இருந்த பீப்பாயின் துருவேறிய மூடியைச் சுத்தியலால் அரைமணி நேரம் தட்டித் திறந்தார் சோதனைக்கு வந்த அதிகாரி.

"இதுல குளோரின் கலந்த விஷம் இருக்கு. தோல் வழியா உள்ளே போனா வருஷக்கணக்கா உடம்பை விட்டுப் போகாது."

மேஸ்திரி தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"ஐயோ, மூணு மாசமா நாத்தத்தையும் பொறுத்துக்கிட்டு இதைத்தானே முழங்கால் வலிக்கு நல்லதுன்னு தேய்க்கிறேன்! டேய் ஃபிட்டரு, வாராவாரம் பாட்டில்ல பிடிச்சுக் கொடுத்தியே, பாவி!"

"நீங்கதானே கேட்டீங்க, அண்ணே?"

"நான் போயிட்டா, என் காலையே சுத்திச்சுத்தி வருதே, இந்தப் பூனைக்கு யாருடா சோறு போடுவா?"

அதிகாரி ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டார். ஃபிட்டர் மேஸ்திரியின் பக்கத்தில் வந்து குனிந்தார். உண்மையைச் சொன்னால் வேலை போகும். சொல்லாவிட்டால் மேஸ்திரி பயத்திலேயே போய்விடுவார்.

"அண்ணே, அந்த மூடி எனக்கும் திறக்கலை. சுத்தியல் எடுக்கச் சோம்பல். வீட்டுல மீன் பொரிச்ச எண்ணெயைத்தான் வடிகட்டிக் கொண்டாந்தேன்."

மேஸ்திரிக்குப் போன உயிர் திரும்பி வந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு காலடியில் உரசிய பூனையைப் பார்த்தார். முகம் மறுபடி வாடிவிட்டது.

"அப்போ இது என்மேல இருக்கிற பாசத்துல வரலையாடா?"