நாளைக்குரிய கட்டம்

"அம்மா, செவ்வாய்க்கிழமை நான் பப்பாசி சாப்பிடேல்லை. றோல்ஸ்தான்."

"பேசாமல் நில்லு பிள்ளை, எனக்குக் கணக்குப் பிழைக்குது."

காலை ஆறரை மணி. ஒரு பக்கம் ரோஸ்டரில் பாண் துண்டு கருகிக்கொண்டிருக்க, நிருஷா மகளின் அட்டைக்குச் சரி போட்டுக்கொண்டிருந்தாள்.

மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் கொடுத்த 'நல்ல பழக்க அட்டை' அது. எழும்பியதும் தண்ணீர் குடித்தேன், பழம் சாப்பிட்டேன், வெளியில் ஓடி விளையாடினேன், ஒன்பது மணிக்குப் படுத்தேன், இன்று நடந்த ஒரு நல்ல விஷயத்தை வீட்டில் சொன்னேன். இருபத்தொரு நாள், ஒவ்வொரு நாளும் படுக்கப் போகுமுன் போட வேண்டும். உடம்பு நல்லாயிருந்தால் மனசும் சிரிக்கும் என்று மேலே ஒரு சூரியன் வேறு பல்லைக் காட்டிக்கொண்டிருந்தது.

முதல் மூன்று நாள் ஒழுங்காகப் போட்டார்கள். பிறகு அட்டை ஃபிரிட்ஜ் கதவில் தொங்கியதுதான் மிச்சம். இன்றைக்கு வியாழக்கிழமை, ரீச்சர் பார்க்கக் கேட்டிருக்கிறார். முழு அட்டைக்காரருக்குத் திங்கட்கிழமை அசெம்பிளியில் சட்டையில் பட்ஜ் குத்துவார்கள். மகள் யதுஷா மூன்று கிழமையாக அந்தப் பட்ஜ் கதைதான் கதைக்கிறாள்.

நீலப் பேனை, கறுப்புப் பேனை, பச்சைப் பேனை. நாளுக்கு ஒன்றாக மாற்றி மாற்றிப் போட்டாள் நிருஷா. ஒரே பேனை என்றால் ஒரே மூச்சில் போட்டது பிடிபட்டுவிடும். இன்றைக்கும் நாளைக்கும் உரிய கட்டங்களை மட்டும் வெறுமையாக விட்டாள். அந்த அளவுக்கு அவள் விவரமானவள்தான்.

கீழே ஸ்கூல் வான் ஹோர்ன் அடித்தது. மூன்றாம் மாடி. லிஃப்ட் வேறு பழுது.

"அம்மா, பின்பக்கமும் இருக்கு..."

"அதை வானுக்குள்ள வச்சு நீயே போடு. ஓடு, ஓடு!"

பத்து மணிக்கு, நிருஷா வேலை செய்யும் பாமசிக்கு றஸ்மியா ரீச்சரின் அழைப்பு வந்தது.

"யதுஷாட அட்டையில ஒரு பொய் இருக்கு. ஸ்கூல் விட முதல் ஒருக்கா வந்திட்டுப் போங்க."

அவ்வளவுதான். அதற்குப் பிறகு நிருஷாவுக்கு ஒரு வேலையும் ஓடவில்லை. பனடோல் கேட்டவரிடம் இருமல் பாணியை நீட்டினாள். முதலாளியிடம் ஒரு மணித்தியாலம் கேட்டுக்கொண்டு ஓட்டோவில் ஏறினால், பெரிய வீதியில் வாகனங்கள் அசைய மறுத்தன.

என்ன சொல்லலாம்? பிள்ளைதான் போட்டவ, எனக்குத் தெரியாது? சீ. வேலை அதிகம், நேரமில்லை? எல்லா அம்மாக்களும்தான் வேலைக்குப் போகினம். நான்தான் போட்டனான் என்றால்? பட்ஜ் போய்விடும். போதாததற்கு, அந்தக் குஞ்சுக்குப் பொய்க்காரி என்ற பெயரும் வந்துவிடும்.

"அண்ணை, கொஞ்சம் கெதியாப் போங்கோ!"

"முன்னால பஸ் நிக்குது நோனா. மேலால பறக்கவா?" என்றார் ஓட்டோக்காரர்.

வகுப்பு வாசலில் ரீச்சர் நின்றார். பக்கத்தில் யதுஷா, தலை நிமிரவில்லை.

ரீச்சர் அட்டையை விரித்தார்.

"முதல்ல முன்பக்கத்தைப் பாருங்க. ஒவ்வொரு நாளும் கையில கிடைச்ச பேனையால போட்டிருக்கா. இண்டைக்குரியதையும் நாளைக்குரியதையும் தொடவே இல்லை. இப்பிடித்தான் உண்மையாச் செய்யோணும் எண்டு முழு வகுப்புக்கும் காட்டினேன்."

நிருஷாவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

"ஓம் ரீச்சர்" என்றாள்.

"பிரச்சினை இங்கதான்." ரீச்சர் அட்டையைத் திருப்பினார்.

பின்பக்கத்துக்கு 'என் வீட்டுப் பெரியவர்' என்று தலைப்பு. பிள்ளை தன் வீட்டில் ஒருவரைக் கவனித்துப் போட வேண்டியது. ஒரு இடத்தில் இருந்து சாப்பிட்டார். என்னோடு கடற்கரைக்கு நடந்தார். ஃபோனை வைத்துவிட்டு நான் சொன்னதைக் கேட்டார். என்னோடு சிரித்தார்.

எல்லாக் கட்டத்திலும் பென்சிலால் சரி. ஒரே சாய்வு, ஒரே இழுவை. நாளைக்குரிய கட்டத்திலும்.

"நாளைக்கு இன்னும் விடியவே இல்லை. நீங்க நாளைக்குச் சிரிக்கப் போறதுக்கு இவ இண்டைக்கே சரி போட்டிருக்கா" என்றார் ரீச்சர்.

நிருஷா கட்டங்களைப் பார்த்தாள். இந்த மூன்று கிழமையில் ஒரு இடத்தில் இருந்து சாப்பிட்ட ஒரு நாளும் ஞாபகம் வரவில்லை. கடற்கரை இரண்டு ஒழுங்கை தள்ளித்தான் இருக்கிறது. கடைசியாக எப்போது போனார்கள்?

"ஏன் பிள்ளை இப்பிடிச் செய்தனீங்கள்?" என்று கேட்டாள்.

யதுஷா சப்பாத்து நுனியோடு கதைத்தாள்.

"உண்மையைப் போட்டா உங்கட பக்கம் முழுக்க வெறுமையா இருக்கும் அம்மா. மற்றப் பிள்ளைகள் உங்களைக் கூடாத அம்மா எண்டு நினைப்பினம்."

ரீச்சரின் முகம் இளகியது. நிருஷா குனிந்து மகளின் தலையைத் தடவினாள். ஆனாலும் ரீச்சர் பார்த்துக்கொண்டு நிற்கிறாரே, ஏதாவது சொல்லத்தானே வேண்டும்.

"அதுக்காகப் பொய் போடலாமோ? ரீச்சரிட்ட மன்னிப்புக் கேளுங்கோ."

"சொறி ரீச்சர்."

சொல்லிவிட்டு அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள் யதுஷா. ஆறுதல் சொல்வது போலச் சொன்னாள்:

"என்ன செய்யிறது அம்மா, வானுக்குள்ள பென்சில் மட்டும்தான் இருந்தது. அடுத்த முறை நானும் உங்களை மாதிரி மூண்டு பேனையால போடுறன்."