கப்பல்ல போன் கிடைக்குமா?

"ஆபீஸ் வேலைன்னு சொன்னீங்களே அண்ணே, செவுத்துல இருக்கற போட்டோவுல பொண்ணு கப்பல் மேல நிக்குது?"

போளூரிலிருந்து பெண் பார்க்க வந்த, மாப்பிள்ளையின் அம்மா காசியம்மாள் கேட்டதும், வேடியப்பன் கேசரித் தட்டை அவசரமாக அவரிடம் நீட்டினார். கிரிவலப் பாதையில், அடி அண்ணாமலையில் இருந்த தன் வீட்டுக்கு வெள்ளை அடித்திருந்தார், தெருநாயைக்கூடக் குளிப்பாட்டியிருந்தார். அந்தப் படத்தைக் கழற்றத்தான் மறந்துபோனார்.

மகள் எழிலரசி கடல் நீரோட்டங்களை ஆராய்பவள். அடுத்த வாரம் கிரீன்லாந்துப் பக்கம் கப்பலேற வேண்டும். மாப்பிள்ளை புகழேந்தியையும் அவளுக்குப் பிடித்திருந்தது, அவனுக்கும் சம்மதம். ஆனால், "காசியம்மா இல்லாம அந்த ஊட்டுல ஒரு துரும்பும் அசையாது" என்று தரகர் முன்பே எச்சரித்திருந்தார்.

எழிலரசி எதையும் மறைக்கவில்லை. கடல் தண்ணீரும் கிரிவலம் போகிறது என்றாள். மேலே வெதுவெதுப்பாக வடக்கே போகும். அங்கே குளிர்ந்து, கனத்து, அடியில் இறங்கித் தெற்கே திரும்பும். ஒரு சுற்றுக்கு ஆயிரம் வருஷம்.

"எங்க ஊட்டுக்காரரும் அப்படித்தான் சுத்துவாரு. டீக்கடைக்கு டீக்கடை நின்னு" என்றார் காசியம்மாள், சிரிக்காமல்.

அந்த வீட்டுக்காரர், சொம்பு எதிரிலேயே இருந்தும், "காசி, தண்ணி" என்றார். காசியம்மாள் எடுத்துக் கொடுத்துவிட்டு விசாரணையைத் தொடர்ந்தார். கொலைக் கேஸில்கூட அத்தனை குறுக்குக் கேள்வி வராது. எத்தனை நாள்? முப்பத்தெட்டு. நடுவில் இறங்க முடியுமா? முடியாது. வீட்டு ஆட்கள் தேடி வந்தால்? வரவே வழியில்லை.

"போன் கிடைக்குமா?"

"சரியா கிடைக்காதுங்க அத்தை."

"சோறு?"

"ஆக்கறதுக்கு ஆள் இருக்காங்க. தட்டு கழுவறதும் அவங்கதான்."

காசியம்மாள் கண்ணை மூடிக்கொண்டார். மூச்சு மலையுச்சி வரை போய்த் திரும்பியது. போச்சு, கேசரிக்குப் போட்ட கால் கிலோ முந்திரி வீண் என்று வேடியப்பன் முடிவு கட்டினார்.

"பொண்ணுகிட்ட தனியா பேசணும்."

எழிலரசியைச் சமையலறைக்குள் இழுத்துக் கதவைச் சாத்தினார். கப்பலா, கல்யாணமா என்று கேட்கப் போகிறார் என அவள் பதிலைத் தொண்டையில் தயாராக வைத்திருந்தாள்.

"நீ கப்பலுக்குப் போய்ட்டு வா. தையில கல்யாணம் வெச்சிக்கலாம். அதுக்குள்ள புகழேந்திக்குச் சோறாக்கக் கத்துக் குடுத்துடறேன்" என்ற காசியம்மாள், வெளியே இருந்த கணவருக்கும் மூன்று பிள்ளைகளுக்கும் கேட்காதபடி குரலைத் தாழ்த்தினார்.

"அடுத்த தபா கப்பலுக்குப் போறப்ப என்னையும் இட்டுக்கினு போயிடு கண்ணு. எந்த வேலை குடுத்தாலும் செய்றேன், சமையல் மட்டும் வேணாம்."