ஆளுக்கு ஒரு நாற்காலி

கம்பெனி கைமாறிய அன்று எல்லாருக்கும் ஒரு பேனாவும் ஒரு பலூனும் கொடுத்தார்கள். "யாரையும் வேலையை விட்டு அனுப்பப் போவதில்லை" என்று புதிய மேனேஜர் மைக்கில் அறிவித்தார். யாரும் கேட்காத கேள்விக்கு இவர் ஏன் பதில் சொல்கிறார் என்று அப்போதே எல்லாரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

சுவரெல்லாம் 'நாம் ஒரே குடும்பம்' என்று போஸ்டர் ஒட்டினார்கள்.

"குடும்பம்னா பாகப்பிரிவினையும் வருமே," என்றார் கொள்முதல் பிரிவுப் பெரியவர், நாற்காலி முதுகில் எப்போதும் கிடக்கும் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தபடி.

அதிகம் பயந்தவள் கணக்குப் பிரிவு அக்கா. சின்னவர் பெரியவர் என்றில்லாமல் ஆபீஸில் அத்தனை பேருக்கும் அவள் அக்காதான். எல்லாருக்கும் சம்பளம் போடுவது அவள் வேலை. புதுக் கம்பெனியின் தலைமை அலுவலகத்தில் சம்பளம் போட ஒரு பட்டாளமே இருக்கும்போது இங்கே இவள் எதற்கு? வீட்டிலோ கல்லூரியில் படிக்கும் இரண்டு பிள்ளைகள். கணவரிடம் சாமான் ஏற்றும் பழைய வேன் ஒன்று உண்டு. ஏற்றத்தான் சாமான் கிடைப்பதில்லை. மாலையில் மனைவியை அழைத்துப் போவதுதான் அதற்கு நிரந்தரச் சவாரி. அதற்கும் அவர் வாசலில் காத்துக் கிடக்க வேண்டும். வேலை போய்விடுமோ என்ற பயத்தில் அக்கா இப்போதெல்லாம் கடைசி ஆளாகத்தான் கிளம்பினாள்.

ஒருநாள் டீ நேரத்தில் அக்கா குரலைத் தாழ்த்தினாள்.

"எங்க அண்ணி இருந்த ஆபீஸையும் இவங்கதான் வாங்கினாங்க. கூப்பிட்டெல்லாம் சொல்ல மாட்டாங்களாம். யாரை அனுப்பணுமோ அவங்க நாற்காலியை முதல்ல தூக்கிடுவாங்களாம். அப்புறம்தான் ஆளை."

எல்லாரும் டீயைக் கீழே வைத்துவிட்டார்கள்.

அடுத்த திங்கட்கிழமை, ரசீதுப் பிரிவுத் தம்பியின் நாற்காலியைக் காணோம். ஒரு கை ஒடிந்து டேப் சுற்றிய நாற்காலி அது. தன்மானமுள்ள எந்தத் திருடனும் அதைத் தொடமாட்டான். ஆகவே இது மேலிடத்து வேலைதான் என்று முடிவாகிவிட்டது. வாட்ச்மேனைக் கேட்கலாம் என்றால், காமிரா வைக்கப் போகிறோம் என்று சொல்லி அவரை வேறு கிளைக்கு மாற்றியிருந்தார்கள். காமிரா இன்னும் வந்தபாடில்லை.

"கழுத்தைப் பிடிச்சுத் தள்றதுக்குள்ள நாமளே மரியாதையா இறங்கிடணும் தம்பி," என்று அக்கா கண் கலங்கினாள்.

தம்பி ரோஷக்காரன். மதியமே ராஜினாமாவை நீட்டிவிட்டு மாமனார் கடைக்குப் போய்ச் சேர்ந்தான்.

அதற்குப் பிறகு அங்கே வேலை எங்கே நடந்தது? டைப்பிஸ்ட் தன் நாற்காலியை சைக்கிள் சங்கிலியால் மேசையோடு பூட்டினார். ஸ்டோர் கீப்பர் பாத்ரூமுக்குக்கூடத் தள்ளிக்கொண்டு போனார். அதோடு உள்ளே எப்படி நுழைந்தார் என்று யாரும் விசாரிக்கவில்லை.

காய்ச்சல் என்று லீவு போட்ட டெலிபோன் பெண், திரும்பி வந்து பார்த்தால் அவளுடைய பூப்போட்ட குஷன் நாற்காலி இல்லை. காலை முழுக்க அக்காவின் தோளில் சாய்ந்து அழுதாள். ராஜினாமாக் கடிதத்தில் அக்காதான் பிழை திருத்திக் கொடுத்தாள்.

அடுத்தது பெரியவர். "துண்டையாவது விட்டுட்டுப் போயிருக்கலாமேடா பாவிங்களா!" என்று மாடியிலிருந்த மேனேஜர் அறையைப் பார்த்துக் கத்திவிட்டு அவரும் நடையைக் கட்டினார்.

பிறகு ஒரு காலையில் அக்காவின் நாற்காலியே இல்லை. இழுத்தால் மாடி வரைக்கும் கிறீச்சிடும் நாற்காலி. அது சத்தமில்லாமல் எப்படிப் போயிற்று என்று எல்லாரும் வாயைப் பிளந்தார்கள்.

அக்கா அழவில்லை. மதியம் வரை நின்றுகொண்டே கணக்குப் பார்த்தாள். பிறகு புடவையை உதறிச் சரிசெய்துகொண்டு நேராக மேனேஜர் அறைக்குள் நுழைந்தாள்.

"என் நாற்காலி எங்க சார்? அனுப்புறதா இருந்தா முகத்தைப் பார்த்துச் சொல்லி அனுப்புங்க."

மேனேஜர் அவசரமாக எழுந்து கதவைச் சாத்தினார்.

"சத்தியமா எனக்குத் தெரியாதும்மா. மேலிடம்தான் ஆள் வச்சு எடுக்குது போல. அதைப் போய் நான் கேட்டா என் நாற்காலி மிஞ்சுமா?" நெற்றியைத் துடைத்துக்கொண்டார். "ஆனா ஒண்ணு சொல்றேன். மூணு பேரைக் குறைக்கணும்னு உத்தரவு. முதல் பேரே உங்களோடதுதான். நல்ல வேளை, நான் வாயைத் திறக்கறதுக்குள்ள மூணு பேர் தானாவே போயிட்டாங்க. இனிமே யாரையும் அனுப்ப மாட்டோம். போய் நிம்மதியா உட்காருங்க."

"எதுல சார் உட்கார?"

மேனேஜர் அசடு வழிந்தார். தன் அறையிலிருந்த, விருந்தாளிகளுக்கான தோல் நாற்காலியைத் தானே தூக்கிக்கொண்டு இறங்கி வந்து அக்காவின் மேசை முன் போட்டார். விஷயம் தெரிந்ததும் ஆபீஸே கைதட்டியது. அக்கா எதிர்த்துக் கேட்டதால்தான் எல்லாரும் தப்பித்தோம் என்று டைப்பிஸ்ட் தழுதழுத்தார். அன்றே சங்கிலியையும் அவிழ்த்துவிட்டார்.

மாலையில் அக்கா வேனில் ஏறியதும் கணவர் பதற்றமாகக் கேட்டார்.

"என்ன சொன்னாங்க?"

"மூணு பேரோட முடிஞ்சதாம். எனக்கு ஒண்ணும் ஆகாதாம்."

"அப்பாடா!" என்று கணவர் வண்டியைக் கிளப்பினார்.

வீட்டில் சாப்பாட்டு மேசையைச் சுற்றி பூப்போட்ட குஷனில் மகளும், டேப் சுற்றிய கைமேல் முழங்கையை ஊன்றியபடி மகனும், முதுகில் துண்டு கிடந்த நாற்காலியில் கணவரும் வசதியாக உட்கார்ந்துகொள்ள, நேற்று மாலை வேனில் ஏற்றி வந்த தன் நாற்காலியைக் கிறீச்சென்று இழுத்துப் போட்டுக்கொண்டு அக்காவும் உட்கார்ந்தாள்.