இருநூற்றில் நின்ற முள்

ஒரு மின்னடுப்பின் கம்பிச்சுருளுக்கு இரண்டு நண்பர்கள் இருந்தார்கள். வோல்ட்மீட்டர் அதன் இரு முனைகளையும் தொட்டுக்கொண்டு பக்கத்தில் நிற்கும். அம்மீட்டர் அதன் வழியிலேயே உட்கார்ந்து, அதற்குள் ஓடும் மின்னோட்டத்தையெல்லாம் தன் உடம்பில் வாங்கிக்கொள்ளும்.

தினமும் அடுப்பைப் போட்டதும் வோல்ட்மீட்டர், "என்னிடம் இருநூறு வோல்ட். உன்னிடம் எவ்வளவு, தம்பி?" என்று கேட்கும்.

"ஐந்து ஆம்பியர், அண்ணே."

வோல்ட்மீட்டர் பெருக்கிப் பார்த்து, "ஆயிரம் வாட். நம்ம ஆள் ராஜா மாதிரி இருக்கிறான்," என்னும். வகுத்துப் பார்த்து, "தடை நாற்பது ஓம். அதே பிடிவாதம்," என்று கேலி செய்யும். கம்பிச்சுருள் சிவந்துபோகும்.

கம்பி தேயத் தேய, ஐந்து நான்கானது.

"தடை ஐம்பது, திறன் எண்ணூறுதான் வருகிறது. நீ சரியாகப் பார்த்தாயா?" என்று வோல்ட்மீட்டர் எரிந்து விழுந்தது. அம்மீட்டர் மறுபடியும் நான்கையே காட்டியது.

ஒரு காலையில் கம்பிச்சுருள் சிவக்கவே இல்லை.

"என்னிடம் இருநூறு முழுசாக இருக்கிறது. அவன் நன்றாகத்தான் இருக்கிறான்," என்றது வோல்ட்மீட்டர்.

"கம்பி நடுவில் அறுந்துவிட்டது, அண்ணே. உள்ளே எதுவும் ஓடவில்லை."

"ஒன்று என்றாவது சொல்லு. கணக்குப் போட்டுக்கொள்கிறேன்."

"பூஜ்யம்தான், அண்ணே."

வோல்ட்மீட்டர் பெருக்கியது. திறனும் பூஜ்யம். வகுக்கப் பார்த்தது, முடியவில்லை.

"உன் முள் சிக்கியிருக்கும், தம்பி. கொஞ்சம் உதறிப் பார்."

அம்மீட்டர் அதன் மனசுக்காக ஒருமுறை உதறிப் பார்த்தது.

சுவிட்சை அணைக்க யாரும் வரவில்லை. வோல்ட்மீட்டரின் முள் அன்று முழுவதும் இருநூற்றிலேயே நின்றது.